தவறணையிலிருந்து சட்டநிரூபண சபைக்கு: ஜோன் பாஸ்கோ போக்னரின் வரலாறு

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் திருமண அழைப்பிதழ்களின் அடியில் அச்சாகியிருக்கும் முகவரிகளை நாம் பெரும்பாலும் ஊன்றிப் பார்ப்பதில்லை. பாஸ்கோ வேல் என்றும் போக்னர் என்றும் வழங்கும் புறநகர்கள் அந்நகரின் வடபகுதியில் உள்ளன. தென்பகுதியிலே போக்னர் பூங்கா என்றொரு பெரும் பசுந்திடல் இருக்கின்றது. இம்மூன்று பெயர்களும் ஒரே மனிதரின் பெயரிலிருந்து பிறந்தவை. அவர் படைத் தளபதியல்லர், தேசாதிபதியுமல்லர். பாண் சுட்டவர், மரம் அறுத்தவர், கசையடித் தண்டனை பெற்றவர், மதுக்கடை நடத்தியவர், பத்திரிகை எழுதியவர், ஈற்றிலே சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர்.

மிசன் கல்லூரியின் நூல்நிலையத்திற் பழைய ஆங்கிலச் சரித்திர நூல்களைப் புரட்டிய எம்போன்றோருக்கு அவுஸ்திரேலியா என்றால் கப்டன் குக் ஒருவரே நினைவில் நின்றார். மாலுமிகள் கண்டுபிடித்தார்கள், தேசாதிபதிகள் ஆண்டார்கள் என்ற அளவோடு அந்நூல்கள் நின்றுவிடும். நகரங்களை உண்மையில் எழுப்பியவர் யாவர், அவர் எவ்வாறு எழுந்தார், அவர் எழும்போது வீழ்ந்தவர் யாவர் என்ற கேள்விகளுக்கு அங்கே விடை இல்லை. போக்னரின் வரலாற்றை நான் எழுத முற்பட்டமைக்கு அக்கேள்விகளே காரணம்.

ஜோன் பாஸ்கோ போக்னர் 1792ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தையார் உலோகத்தைப் புடமிடும் தொழிலாளி. களவுப் பொருளை வாங்கிய குற்றத்திற்காக அவருக்குப் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. தாயார் கணவனைக் கைவிடவில்லை. மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு அதே கப்பலில் ஏறினார். ஏறத்தாழ 300 குற்றவாளிகளைச் சுமந்துகொண்டு 'கல்கத்தா' என்னும் அக்கப்பல் 1803ஆம் ஆண்டு ஒக்டோபரில் போட் பிலிப் என்ற குடாவை அடைந்தது. இன்று சொரென்ரோ என்னும் ஊர் இருக்கும் இடத்துக்கு அண்மையில், சலிவன் விரிகுடாவிற் கூடாரங்கள் எழுந்தன. சிறுவன் போக்னருக்குப் பதினோராவது பிறந்தநாள் அந்த மணற்றரையிலேயே கழிந்தது.

குடியேற்றம் நிலைக்கவில்லை. நன்னீர் போதவில்லை, மண்ணும் ஏற்றதாயில்லை என்று கண்ட கேணல் கொலின்ஸ் சில மாதங்களுள் யாவரையும் ஏற்றிக்கொண்டு தெற்கேயுள்ள வான் டீமன்ஸ் தீவுக்கு, அதாவது இன்றைய தஸ்மேனியாவுக்கு, சென்றுவிட்டார். வில்லியம் பக்லி என்ற குற்றவாளி தப்பியோடி, அந்நாட்டு ஆதிக்குடிகளோடு முப்பத்திரண்டு ஆண்டு வாழ்ந்தார். இவ்விருவரும் பிற்காலத்தில் அதே குடாவின் கரையில் மீண்டும் சந்திக்க இருந்தார்கள்.

ஹோபாட் நகரில் இளைஞரான போக்னர் பாண் சுட்டும் மரம் அறுத்தும் பிழைத்தார். 1814இல் அவருடைய வாழ்வை முறித்த நிகழ்ச்சி நேர்ந்தது. தப்பியோட எண்ணிய குற்றவாளிகள் சிலர்க்குப் படகு கட்ட அவர் துணைபுரிந்தார். முயற்சி பிழைத்தது. 500 கசையடியும் மூன்றாண்டுக் கடூழியமும் அவருக்குத் தீர்ப்பாயின. நியூ சவுத் வேல்சிலுள்ள நிலக்கரிச் சுரங்கக் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார். குற்றவாளியின் மகனாக வந்தவர் இப்பொழுது தாமே குற்றவாளியானார். தண்டனை விதிக்கும் அதிகாரிகள்மேல் அவர் சாகும்வரை கொண்டிருந்த கசப்பு அன்று முளைத்தது என்று கொள்வதில் தவறில்லை.

மீண்டு வந்து, 1819 அளவில் தஸ்மேனியாவின் வடபகுதியிலுள்ள லோன்செஸ்டன் நகரிற் குடியேறினார். எலைசா கொப் என்ற பெண்ணை 1822இல் மணந்தார். அவரும் நாடுகடத்தப்பட்டு வந்தவரே. இருவருமாகப் போறணை வைத்தார்கள், தோட்டம் செய்தார்கள், கோண்வால் என்னும் விடுதியைத் திறந்தார்கள். அக்காலத்துக் குடியேற்ற நாட்டில் ஹோட்டல் எனப்பட்டது வழிப்போக்கர்க்கு அறையும், பசித்தவர்க்கு உணவும், தாகித்தவர்க்கு மதுவும் வழங்கும் இடம். நம்மூர் வழக்கிற் சொன்னால் பாதி ஹோட்டல், பாதி தவறணை. ஆனால் அது அவ்வளவோடு நின்றதன்று. ஊரில் மண்டபம் இல்லை, சங்கம் இல்லை. ஏலம் கூறுவது, கூட்டம் கூடுவது, கப்பற் செய்தி கேட்பது, வழக்குக்கு யோசனை பெறுவது யாவும் விடுதியின் முன்மண்டபத்திலேயே நடந்தன. விடுதிக்காரனுக்கு ஊரார் யாவரையும் தெரியும். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பதும் தெரியும். போக்னர் தாமே சட்டம் படித்துக்கொண்டு, சிறு நீதிமன்றங்களில் ஏழைகளுக்காகப் பேசத் தொடங்கினார். 1829இல் 'லோன்செஸ்டன் அட்வடைசர்' என்ற பத்திரிகையையும் ஆரம்பித்தார். முறையான கல்வி மிகச் சொற்பமாகவே பெற்ற ஒருவர் பத்திரிகாசிரியரானது அதிசயமே. ஆனால் அவர் வாசிப்பில் மிகுந்த பசியுடையவர்.

1835ஆம் ஆண்டு வந்தது. ஆட்டு மந்தைகளுக்குத் தஸ்மேனியாவிற் புல்வெளி போதாமையினால், கடலுக்கு அப்பாலுள்ள போட் பிலிப் பிரதேசத்தின்மேல் எல்லோருடைய கண்ணும் விழுந்தது. ஜோன் பற்மன் என்பவர் முந்திச் சென்றார். ஜூன் மாதத்தில் ஆதிக்குடிப் பெரியோர் சிலரைக் கண்டு, போர்வை, கத்தி, கைக்கோடரி, கண்ணாடி, மா முதலியவற்றைக் கொடுத்து, ஏறத்தாழ 6,00,000 ஏக்கர் நிலத்தைத் தாம் வாங்கிவிட்டதாக ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்டார். நிலத்தை விற்பதென்ற வழக்கமே இல்லாத மக்கள் அந்தத் தாளில் இட்ட அடையாளத்தின் பொருள் என்னவென்று சரித்திர ஆசிரியர்கள் இன்றும் வாதாடுகின்றனர். விருந்தினரை வழிவிட்டு ஏற்கும் தங்கள் சடங்கையே அவர்கள் நடத்தினார்கள் என்பது பலருடைய கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

போக்னரும் வாளாவிருக்கவில்லை. 'என்ரப்பிறைஸ்', அதாவது முயற்சி, என்ற பெயருள்ள பாய்க்கப்பல் ஒன்றை வாங்கினார். முயற்சி புறப்பட்டது, முதலாளி மட்டும் கரையில் நின்றார்! கடன் கொடுத்தோர் சட்டத்தைக் காட்டி அவரை ஜோர்ஜ் ரவுனில் மறித்துவிட்டார்கள். கப்டன் லான்சியின் தலைமையிற் கப்பல் சென்று, ஓகஸ்ட் 29ஆந் திகதி யாரா ஆற்றினுட் புகுந்து, நன்னீர் கிடைக்கும் இடத்திற் கட்டப்பட்டது. மறுநாள் ஆட்களும் பொருள்களும் கரையேறினர். ஒரு கொல்லன், அவன் மனைவி, ஓர் உழவன், ஒரு வேலையாள் என்று வந்தவர்கள் யாவரும் சாதாரண மக்கள். ஓகஸ்ட் 30ஆந் திகதியையே மெல்பேண் மக்கள் தம் நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். போக்னர் கடன்காரர்க்கு வழி சொல்லிவிட்டு ஒக்டோபரில் மனைவியோடு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு சட்டப் புதிரும் உண்டு. அவர்கள் கரையேறுவதற்கு நான்கு நாள் முன், சிட்னியிலிருந்த தேசாதிபதி பேர்க் ஒரு பிரகடனத்திற் கையொப்பமிட்டார். ஆதிக்குடிகளோடு செய்யும் எந்த உடன்படிக்கையும் செல்லாது, அந்நிலம் முழுவதும் முடிக்குரியது, அனுமதியின்றி அங்கிருப்போர் அத்துமீறியோர் என்பது அதன் சாரம். பற்மனின் தாள் இதனாற் செத்தது, போக்னரும் அத்துமீறியவராயினார். ஆனால் உண்மையில் நிலம் இழந்தவர் இவ்விருவருமல்லர். ஆயிரமாயிரம் ஆண்டு அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குலின் இனத்தவருக்குத் தம் நிலத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் உரிமையில்லை என்று, அவர்கள் காதில் விழாத மொழியில், அவர்கள் காணாத நகரத்திலிருந்து தீர்ப்பு வந்தது.

அத்துமீறியவர்கள் போகவில்லை, மேலும் வந்தார்கள். 1836 மே மாதத்தில் எடுத்த கணக்கில் 177 குடியேறியோரும் 26,000 ஆடுகளும் இருந்தன. அவ்வாண்டு செப்தெம்பர் இறுதியில் லொன்ஸ்டேல் என்பவர் நீதவானாக அனுப்பப்பட்டார். 1837இல் தேசாதிபதி தாமே வந்து நகருக்கு மெல்பேண் என்று பெயரிட்டார். ஹொடில் என்ற நில அளவையாளர் கோடுகிழித்துத் தெருக்களை வகுத்தார். ஜூன் முதலாந் திகதி நிலம் ஏலத்தில் விற்கப்பட்டது. போக்னர் தாம் ஏற்கெனவே குடியிருந்த ஊரிலே தமக்கு நிலம் வாங்கிக்கொண்டார்.

அந்த ஊரின் முதல் விடுதி போக்னருடையது. அவ்விடுதியைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மரப்பலகையும் சேறும் நிறைந்த ஓர் ஊரில், உண்டியும் குடியும் மட்டுமன்றி, இங்கிலாந்திலிருந்து வரும் வாரப் பத்திரிகைகளும், மாத சஞ்சிகைகளும், காவியம், வேதசாத்திரம், சரித்திரம், இரசாயனம் ஆகிய நூல்களும், ஒரு கலைக்களஞ்சியமுங்கூடத் தம்மிடம் தங்குவோர்க்குக் கிடைக்கும் என்று அவர் விளம்பரஞ் செய்தார். பத்திரிகை பல மாதம் பழையதாயிருந்தாலென்ன? ஒரு பத்திரிகையைப் பத்துப்பேர் பங்கிட்டு வாசிக்கும் நம் கிராம வாசிகசாலைகளை அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கும். மதுவை விற்றவரே வாசிகசாலையும் வைத்தார் என்பது நம்மவர் சிலருக்குக் கசக்கலாம். குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ட எனக்கும் அது முழுதும் இனிக்கவில்லை. அந்தப் புதுநாட்டிலே சாராயம் ஆதிக்குடிகளுக்குச் செய்த கேடு சொல்லுந்தரமன்று. ஆயினும் உள்ளதை மறைப்பது சரித்திரமாகாது.

1838 சனவரி முதலாந் திகதி 'மெல்பேண் அட்வடைசர்' என்ற பத்திரிகை அவ்விடுதியிலிருந்து வெளிவந்தது. அச்சியந்திரம் இல்லை, கையாலே எழுதினார்கள்! முதற் சில வாரங்களுக்கு மைக்கூடும் இறகுப் பேனாவுமே அச்சுக்கூடம். விடுதிக்கு வருவோர் வாசிப்பதற்கு ஒரு பிரதி அங்கே வைக்கப்பட்டது. பத்திரிகையை வாசிக்க வந்தவன் ஒரு குவளை குடிக்காமற் போகமாட்டான் என்ற வியாபாரக் கணக்கும் இதில் இருந்திருக்கும். பின்னர்த் தேய்ந்த எழுத்துக்கள் கிடைத்து மார்ச்சில் அச்சிடத் தொடங்கினார். அனுமதிப்பத்திரம் இல்லையென்று அதிகாரிகள் ஏப்ரிலில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு, 1839இல், முறையாக அனுமதி பெற்று 'போட் பிலிப் பேற்றியட்' என்ற பெயரில் மீண்டும் எழுந்தார். பேற்றியட் என்றாற் தேசபக்தன். அதிகாரிகளின் ஒவ்வொரு பிழையையும் அது கிளறிற்று. மானநட்ட வழக்குகளுக்கும் குறைவில்லை. குள்ளமான உருவம், கீச்சுக்குரல், சண்டைக்கு நிற்கும் சுபாவம். நண்பரையும் பகைவரையும் ஒருங்கே சம்பாதித்தார்.

விடுதித் தொழிலை அவர் அதிக காலம் செய்யவில்லை. கொலின்ஸ் தெருவிலே அவர் கட்டிய செங்கல் விடுதியை மெல்பேண் கழகம் என்ற கனவான்களின் சங்கம் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. பெரும் ஆட்டுப்பண்ணைக்காரரும் அதிகாரிகளும் அதன் அங்கத்தவர். யாருக்கெதிராக அவர் வாழ்நாள் முழுவதும் முழங்கினாரோ, அவர்களே அவர் கட்டிய கூரையின்கீழ் இருந்து குடித்து, அவருக்கே வாடகை கொடுத்தார்கள்.

மெல்பேண் நகரசபை 1842இல் அமைந்தது. அதன் தொடக்க ஆண்டுகளிலேயே போக்னர் அங்கத்தவரானார். நகரத்துச் சேறு, சந்தை, தண்ணீர் ஆகியவற்றை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் யார்? ஆனால் 1840களின் பொருளாதார வீழ்ச்சி அவரையும் விடவில்லை. பிறருக்காகப் பிணை நின்று, 1845இல் வங்குறோத்தானார். வடக்கே மூனீ பொன்ட்ஸ் ஓடைக்கரையில் இருந்த பாஸ்கோ வேல் பண்ணையே அவருக்கு ஒதுங்க இடமாயிற்று. இவ்வாறு விழுந்தவர் ஆறே ஆண்டில் ஒரு நாட்டின் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார்.

அந்த ஆறாண்டிலும் அவர் பேசிய பொருள் மூன்று. முதலாவது, போட் பிலிப் சிட்னியின் ஆட்சியினின்று பிரியவேண்டும் என்பது. இரண்டாவது, குற்றவாளிகளை இந்நாட்டுக்கு இனி அனுப்பலாகாது என்பது. குற்றவாளியின் மகனும் தாமே தண்டிக்கப்பட்டவருமான ஒருவர் இதனைக் கேட்டதைப் பகைவர் நகைத்தனர். அந்த வாழ்வின் கொடுமையை அறிந்தவர் கேட்டதே முறையென்று நான் எண்ணுகிறேன். மூன்றாவது நிலம். 1836 முதல் ஆண்டுக்குப் 10 பவுண் அனுமதிப்பணம் கட்டி, எல்லையற்ற மேய்ச்சல் நிலத்தைத் தனியொருவர் பிடித்துக்கொள்ள முடிந்தது. சிறு பயிர்ச்செய்கைக்காரனுக்கோ காணித்துண்டு ஒன்று கிடைப்பது கடினம். பலர் பணத்தைச் சேர்த்துப் பெருங்காணியை வாங்கித் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுறவு முறையைப் போக்னர் முன்னின்று நடத்தினார். கூட்டுறவு நம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. அதனாலேயே இப்பகுதியை வாசித்தபோது அவர்மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று.

1851 ஜூலை முதலாந் திகதி விக்டோரியா தனிக் குடியேற்ற நாடாயிற்று. முப்பதுபேர் கொண்ட முதற் சட்டநிரூபண சபையில் இருபதுபேர் தெரிவுசெய்யப்பட்டோர். அவர்களில் ஒருவர் போக்னர். அதே ஆண்டிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. உலகமே திரண்டு வந்தது. சுரங்கத் தொழிலாளர்மேல் மாதம் 30 சிலிங் அனுமதிப்பணம் சுமத்தி, பொலீசார் அவர்களை வேட்டையாடியதன் விளைவு, 1854 திசெம்பர் 3ஆந் திகதி பலராற்றில் நடந்த யூறேக்கா கலவரம். பின்னர் நியமிக்கப்பட்ட விசாரணைக் குழுவில் போக்னரும் இருந்தார். மாத அனுமதிப்பணத்தை ஒழித்து, ஆண்டுக்கு ஒரு பவுண் மட்டும் கட்டும் சுரங்க உரிமைப் பத்திரம் வழங்குமாறு அக்குழு சொல்லிற்று, அரசாங்கம் ஏற்றது. ஒருகாலத்திற் கசையடித் தீர்ப்புக் கேட்டவர், ஆயுதமெடுத்த தொழிலாளருக்கு நியாயம் சொல்லும் இடத்தில் அமர்ந்திருந்தார்.

இத்துடன் நிறுத்தினால் இது நல்ல கதையாக முடிந்துவிடும். ஆனால் அதே குழு சீனரின் குடிவரவைக் கட்டுப்படுத்தவும் சொல்லிற்று. 1855இல் விக்டோரியாவிற் கப்பலால் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் வரி விதிக்கப்பட்டது. வரிக்கு அஞ்சிய சீனர் அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவில் இறங்கி, நூற்றுக்கணக்கான மைல் கால்நடையாகப் பொன்வயல்களுக்குச் சென்றனர். 1857இல் சீனர் குடிவரவை ஆராயச் சட்டநிரூபண சபை அமைத்த குழுவுக்குப் போக்னரே தலைவர். அவர்களுடைய வருகையை அடக்கவேண்டும் என்பதே அவர் நிலை. கப்பலேறி வந்து பாடுபட்டு உயர்ந்தவர், கப்பலேறி வந்து பாடுபட்ட வேறு நிறத்தாரைத் தம்மவராகக் காணவில்லை. சிறு மனிதனுக்கு நிலம் வேண்டுமென்று அவர் முழங்கியபோது, அந்தச் சிறு மனிதன் வெள்ளையனாகவே இருந்தான். மலைநாட்டிலும் மலாயாவிலும் நம்மவர் பட்ட பாட்டை அறிந்த நாம் இதனை எளிதிற் கடந்துபோக இயலாது.

நகரைத் தோற்றுவித்தவர் தாமா பற்மனா என்ற வழக்கைப் போக்னர் இறுதிவரை விடவில்லை. பற்மன் 1839இலேயே இறந்துவிட்டார். அதன்பின் போக்னருக்குத் தம் கட்சியைச் சொல்ல முப்பது ஆண்டு கிடைத்தது. இடைவிடாது சொன்னார். 1856இல் ஈரவை ஏற்பட்டபோது மேலவையாகிய சட்டநிரூபண சபைக்கே மத்திய மாகாணத்தின் சார்பிற் சென்று, சாகும்வரை அங்கே இருந்தார். 1869 செப்தெம்பர் 4ஆந் திகதி, எழுபத்தாறாம் வயதில், கொலிங்வூட்டிலுள்ள தம் இல்லத்தில் மறைந்தார். இருநூறுக்கு மேற்பட்ட வண்டிகள் பிரேத ஊர்வலத்திற் சென்றன. தெருவின் இருமருங்கும் மக்கள் திரண்டு நின்றனர். பற்மன் பெயரைத் தாங்கிய பாராளுமன்றத் தொகுதி 2018இல் ஆதிக்குடித் தலைவர் வில்லியம் கூப்பரின் பெயருக்கு மாற்றப்பட்டது. போக்னரின் பெயர் புறநகரிலும் பூங்காவிலும் நிற்கின்றது.

ஒருவரைப்பற்றி இன்னும் சொல்லவில்லை. பூன்வுரங் குலத்தைச் சேர்ந்த டெரிமுற் என்னும் இளைஞர் 1835இல் போக்னரோடு நட்புப் பூண்டார். குடியேறியோரைத் தாக்க உள்நாட்டுக் குலத்தவர் சிலர் திட்டமிடுகின்றனர் என்று அவ்வாண்டிலேயே அவர் போக்னர் கூட்டத்தார்க்கு முன்னறிவித்தார். அவருடைய மொழியைப் பெயர்த்துச் சொன்னவர், முன்பு தப்பியோடிய அதே பக்லி. எச்சரிக்கை கிடைத்தமையால் அவர்கள் துப்பாக்கியோடு விழித்திருந்தார்கள், தாக்குதல் நடக்கவில்லை. இதனைப் போக்னர் தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு டெரிமுற்றைத் தஸ்மேனியாவுக்கும் அழைத்துச் சென்று வந்தார். விருந்தினரைக் காப்பது தன் கடன் என்று டெரிமுற் எண்ணினாரோ, வேறு குலத்தாரோடிருந்த பகைதான் காரணமோ, நாம் அறுதியிடமுடியாது.

பின்பு நகரம் வளர்ந்தது. 1858இல் ஆதிக்குடிகளின் நிலையை ஆராய்ந்த குழுவின்முன் வில்லியம் ஹல் என்ற நீதவான் சாட்சி சொன்னார். தெருவிலே தன்னைச் சந்தித்த டெரிமுற், வங்கிக் கட்டிடம் நின்ற இடத்தைக் காட்டி, இது முழுவதும் ஒருகாலத்தில் என்னுடையது, இனி என்ன, நானும் விரைவில் மடிந்துவிடுவேன் என்று சொன்னதாக அவர் கூறினார். தம் குலத்தார்க்கு மிஞ்சியிருந்த மோடியாலொக் என்னும் ஒதுக்கு நிலத்தையாவது காக்க டெரிமுற் பாடுபட்டார், அதுவும் போயிற்று. 1864இல் ஏழைகளைப் பராமரிக்கும் தருமசாலையில் அவர் இறந்தார். அப்போது போக்னர் சட்டநிரூபண சபை உறுப்பினர்.

இருவரும் மெல்பேண் பொதுச் சேமக்காலையிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். குடியேறியோர் சிலர் பணஞ் சேர்த்து டெரிமுற்றின் தலைமாட்டில் ஒரு கல் நாட்டினார்கள். 1835இல் அவர் செய்த எச்சரிக்கையால் உயிர் தப்பியோரின் பெயர்கள் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. போக்னரின் பெயரும் அவற்றுள் இருக்கின்றது.